வாசலை மறித்த புழு

இப்போதெல்லாம் ஆளை நம்புகிறவன் எவன் இருக்கிறான்? காகிதத்தைத்தான் நம்புகிறான். எதிரே நின்று ‘நான்தான் ஐயாவு’ என்று சொன்னால் போதாது. ஐயாவுதான் என்று ஒருத்தன் எழுதி, இன்னொருத்தன் கையெழுத்துப் போட்டு, மூன்றாமவன் முத்திரை குத்தினால்தான் ஐயாவு ஐயாவு. முன்பெல்லாம் எவன் எந்தக் குடிசைக்கு முன்னால் குந்திப் பல் விளக்குகிறானோ அது அவன் குடிசை. இப்போது அதற்கும் ஒரு மனு. குடியிருக்கிறவன், குடியிருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதை இன்னொருத்தன் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்பானாம். அவன் வந்து பார்க்கிறவரைக்கும் இவன் எங்கே குடியிருந்தான்? ஐயாவு இதை டீக்கடையிலிருந்து வாய்க்கால் மதகுவரைக்கும் கண்டவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் மனு எழுதத்தான் அவசரப்பட்டார்கள்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே இரண்டு கல் தள்ளி, பண்ணையின் களத்து மேட்டில் இருந்தது அவருடைய கூரைவீடு. களத்து நெல்லுக்குக் காவலாக இருக்கட்டும் என்று முப்பது வருசத்துக்கு முன்னால் பண்ணைதான் அங்கே குடிசை போடச் சொன்னது. மற்றக் கூலிக்காரர்கள் எல்லாரும் கீழத்தெருவில். ஐயாவும் அவர் பெண்சாதி ராசம்மாளும் மட்டும் மேட்டில் தனியாக.

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்ட மறு வருசம், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தராசு வீடுவீடாகப் போய் மனு எழுதினான். கீழத்தெருவில் ஒரு தகராறும் இல்லை. ஐயாவு கொடுத்த மனுவுக்கு மட்டும் பண்ணையிலிருந்து எதிர்மனு போயிற்று. அது வீடே இல்லை, களத்துக் கொட்டகை. அதில் ஆள் குடி கிடையாது. ஐயாவு கீழத்தெருவில் தம்பி வீட்டில் இருக்கிறான். எழுதியவர் பண்ணைக் காரியக்காரர் சிங்காரவேலு. ஆடி முடிவதற்குள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். அவர் வந்து, ஆள் குடியில்லை என்று எழுதிவிட்டால் மறுநாளே கூரையைப் பிரித்து எறிந்துவிடுவார்கள். விசயம் அவ்வளவுதான்.

“எப்ப வேணாலும் வருவாங்க பெரியப்பா,” என்றான் கோவிந்தராசு. “வாசல் தெளிச்சிருக்கணும். அடுப்பு எரிஞ்சிருக்கணும். பார்த்தவொடனே ஆள் இருக்கிற வீடுன்னு தெரியணும்.”

“முப்பது வருசமா அப்படித்தான்டா தெரியுது. அவனுக்குத் தெரியலேன்னா கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு.”

வீட்டுக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியே ராசம்மாள் வளர்த்தது. ஆனியில் அதன் கொழுந்தெல்லாம் கடிபட்டு நரம்பு மட்டும் நின்றது. ஐயாவு போய்ப் பார்த்தார். இலைமேல் குருவி எச்சம், கறுப்பும் வெள்ளையுமாக, ஈரம் காயாமல். குச்சியால் தட்டிவிடப் போனார். எச்சம் நகர்ந்தது.

“ஏ புள்ள, இங்க வா. உன் மரத்துல பீ நடக்குது.”

ராசம்மாள் ஈரக் கையோடு வந்தாள். “எச்சம் இல்லய்யா, புழு. சின்னதா இருக்கறப்ப அப்படி வேசம் போடும். குருவி கொத்தாம இருக்கணும்ல? தன் பீயைத் தானே எந்தக் குருவி திங்கும்?”

“இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? பாத்திரம் கழுவறப்ப கண்ணு சும்மாத்தானே இருக்கு. கறுப்பும் மஞ்சளுமா ஒரு பட்டாம்பூச்சி வந்துச்சு. இலை இலையாக் காலால தட்டித் தட்டிப் பார்த்துச்சு, சந்தையில வெண்டைக்கா ஒடிச்சுப் பாக்கற மாதிரி. புடிச்ச கொழுந்துல பின்பக்கத்த வளைச்சு ஒரே ஒரு முட்டை. கேவுரு அளவு. அடுத்த முட்டை வேற கிளையில. எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டா அடிச்சுக்கும்னு நெனச்சிருக்கும்.”

“சரி, மருந்தடிச்சுடுவோம். பண்ணையில நாத்தாங்காலுக்கு அடிச்ச மிச்சம் இருக்கு.”

“அடிச்சா செத்துப் போயிடும்.”

“அதுக்குத்தான் அடிக்கிறது.”

“இதுதான்யா பட்டாம்பூச்சியா ஆவும்.”

ஐயாவு சிரித்துவிட்டார். புழு எதுவாகும் என்று அவருக்குத் தெரியும். குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும். பச்சைப் புழுவைத் தூக்கிவந்து உள்ளே வைத்துக் கொட்டும். வாயை அடைக்கும். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாகிறது. ஊருக்கே தெரிந்தது. அவர் அப்பனுக்கும் தெரிந்தது.

“கொட்டாம எதுவும் எதுவாவும் ஆவாது புள்ள. இந்தப் புழுவ யாரு கொட்டுனா?”

“யாரும் கொட்ட வேணாம். அதுவா ஆவும்.”

“அதுவா ஆவறதுன்னா, கூலி அதுவா ஏறியிருக்கணும். கொடி புடிச்சு, அடி வாங்கி, நாலு பேரு ஜெயிலுக்குப் போயி, அப்புறந்தான் அரைப்படி ஏறுச்சு. தின்னுட்டுப் போவட்டும். மரம் மொட்டையானா எங்கிட்ட வந்து அழாதே.”

மருந்து அடிக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டார்.

பத்து நாளில் எச்ச வேசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புழுக்கள் பச்சையாயின. இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு, விரல் பருமனில். ஏழெட்டு இருந்ததில் குருவி தின்றது போக இரண்டு மிஞ்சின. ஐயாவு ஒன்றை விரலால் சீண்டினார். அது தலையைத் தூக்கிற்று. தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று கவட்டை மாதிரி இரண்டு கொம்பு வெளியே வந்தது. அழுகின எலுமிச்சம்பழ நாற்றம். ஐயாவு ஓரடி பின்னால் போனார்.

“இது சங்கத்துப் புழுதான் புள்ள. தொட்டவொடனே கொடியத் தூக்குது.”

ராசம்மாள் இதை நடவுக்குப் போன இடத்தில் சொல்ல, பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ராசம்மாக்கா வளர்ப்பது பட்டாம்பூச்சி இல்லை, பட்டாப் பூச்சி. அது பறக்கிற அன்றைக்குப் பட்டா வரும். ராசம்மாளும் அவர்களோடு சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னபோது பாதி நம்புகிற முகமாக இருந்தது.

“அப்பத் தட்டாம்பூச்சி வந்தா?” என்றார் ஐயாவு. “தட்டிப் பறிச்சுக்கிட்டுப் போயிடுவானா?”

மூத்த புழு கிளுவை வேலியில் போய்க் கட்டிக்கொண்டது. தலை மேலே, வால் கீழே. இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு நூல். தென்னை ஏறுகிறவன் வடத்தில் சாய்ந்து நிற்பானே, அப்படி. பச்சைக் கிளுவையில் பச்சைக் கூடு. ராசம்மாள் தினமும் போய்ப் பார்த்தாள். எட்டாம் நாள், பத்தாம் நாள், ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்தாம் நாள் காலையில் கூட்டில் கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பொடிப்பொடியாகக் குளவிகள், எள்ளுக்குச் சிறகு முளைத்த மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நாற்பது ஐம்பது இருக்கும்.

“பாத்தியா?” ஐயாவுக்குத் தாங்கவில்லை. “நான் என்ன சொன்னேன்? எதோ கொட்டியிருக்கு. கொட்டினது குளவி, வந்தது குளவி. நீ பட்டாம்பூச்சின்னே.”

ராசம்மாள் வேலியை விட்டு உள்ளே போனாள். அன்றைக்குக் கஞ்சியில் உப்பு இல்லை. ஐயாவு கேட்கவும் இல்லை. தாமே போய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஜெயித்த பிறகும் வாய்க்கு ருசிக்கவில்லை.

இளைய புழு அதற்கு முன்னாலேயே இலையை விட்டு இறங்கியிருந்தது. பித்துப் பிடித்தவன் மாதிரி இரண்டு நாள் அங்குமிங்கும் அலைந்தது. கொல்லையைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, வாசலுக்கு வந்து, கதவாகக் கட்டியிருந்த ஓலைப் படல் மேலே ஏறிற்று. படலுக்கும் அதைக் கட்டியிருந்த கால்கம்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் போய் உட்கார்ந்தது. மறுநாள் பார்த்தால் வால் நுனி கம்பில், இடுப்புக் கயிறு படலில். கூடு காய்ந்த ஓலை நிறம்.

“அங்க பச்சை, இங்க பழுப்பு,” என்றார் ஐயாவு. “நிக்கிற எடத்துக்குத் தக்கன நெறம் மாத்துது. எலெக்சன்ல நிக்கலாம்.”

“படலத் தொறந்தா நசுங்கிடும்.”

“தொறக்காம எப்படி உள்ள போறது?”

ராசம்மாள் படலைக் கயிறு போட்டுக் கட்டினாள். பின்பக்கம் அடுப்பங்கரையில் கீற்றைப் பிரித்து ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வழி செய்தாள். எறும்பு ஏறாமல் கால்கம்பைச் சுற்றிச் சாம்பல் போட்டாள். தண்ணீர் தெறிக்கும் என்று வாசல் தெளிப்பதை நிறுத்தினாள். தூசி பறக்கும் என்று கூட்டுவதையும் நிறுத்தினாள்.

அன்றிலிருந்து ஐயாவு தம் வீட்டுக்குள் நாய் நுழைகிற மாதிரி நுழைந்தார். உள்ளே போகும்போது ஒருதரம் திட்டினார், வெளியே வரும்போது ஒருதரம். முதுகு கீற்றில் உரசிச் சிராய்த்தது. “கலியாணம் ஆன நாள்லேருந்து நான் யாருக்கும் இப்படிக் குனிஞ்சதில்ல,” என்றார். “பண்ணையாருக்குக் கூட இவ்வளவு குனியல.”

“பண்ணையாரு பறப்பாரா?” என்றாள் ராசம்மாள்.

ஒரு மத்தியானம் அவள் களையெடுப்பு முடிந்து வருகிறபோது ஐயாவு வாசலில் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு குளவி. படலைச் சுற்றிச் சுற்றி வந்தது. இவரும் சுற்றிச் சுற்றி வீசினார்.

“என்னய்யா பண்றே?”

“கூரையில கூடு கட்டிடும்னு வெரட்டுறேன். கட்டினா ஒன்னத்தான் கொட்டும்.”

ராசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சிரித்தாளோ என்னவோ.

படலைக் கட்டின எட்டாம் நாள் கோவிந்தராசு வந்து வாசலைப் பார்த்தான். மழை பெய்து, மிதிபடாமல் கிடந்த இடத்தில் அறுகம்புல் தலை நீட்டியிருந்தது. படலின் மேல்மூலையில் சிலந்தி வலை. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“என்ன பெரியம்மா, பண்ணைக்காரன் எழுதினதுக்கு நீங்களே சாட்சி சொல்றீங்க? பாழடைஞ்ச கொட்டகை மாதிரி இருக்கு. இன்னிக்கே படலத் தொறந்து போடுங்க. ஒரு புழுவுக்காக மனையையே தொலைச்சுடாதீங்க.”

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஐயாவு கயிற்று முடிச்சில் கை வைத்தார். ராசம்மாள் தடுக்கவில்லை. இடுப்பில் இருந்த குடத்தைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றாள்.

ஐயாவு கையை எடுத்துவிட்டார். “ரெண்டு நாள்தானே. எந்தக் காலத்துல எந்த ஆபீசரு சொன்ன நேரத்துக்கு வந்திருக்கான்?”

பத்தாம் நாள் காலையிலேயே வந்துவிட்டார்.

ஐயாவு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மேட்டில் இரண்டு சைக்கிள் நின்றது. சிங்காரவேலுவின் தொண்டை அங்கேயிருந்தே கேட்டது. “நீங்களே பாருங்க சார். படல் கட்டியே கெடக்கு. வாசல்ல புல்லு. சிலந்தி குடியிருக்கு, வேற யாரும் குடியில்ல.”

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லி மனுசர் கையில் கட்டுக் காகிதத்தோடு நின்றார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் காதர் மைதீன். அதிராம்பட்டினத்துக்காரர். புல்லைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

ஐயாவு வேட்டி நனைய ஓடி வந்தார். “இருக்கோங்கய்யா. நாங்க இங்கதான் இருக்கோம்.”

“நீங்கதான் மனுதாரரா? தொறங்க பெரியவரே, உள்ள பாக்கணும்.”

ஐயாவு முடிச்சுக்குப் போனார். வீட்டைச் சுற்றிக்கொண்டு ராசம்மாள் வந்தாள், கையில் கரண்டியோடு.

“கை வைக்காதே. கறுத்துப் போச்சு. இப்பவோ எப்பவோன்னு இருக்கு.”

ஐயாவு இடுக்கில் பார்த்தார். ஓலை நிறமாக இருந்த கூடு கறுத்திருந்தது. தோலுக்கு உள்ளே மஞ்சள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, மடித்து வைத்த சீட்டித் துணி மாதிரி. ஒரு இழுப்பு இழுத்தால் படல் திறந்துகொள்ளும். முப்பது வருசத்து வீடு கண்ணுக்கு முன்னால் விரிந்துவிடும். ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விடுவார். ஒரு புழு. கேவலம் ஒரு புழு.

“என்ன ஐயாவு, தொறக்கறதுக்கு என்ன?” என்றார் சிங்காரவேலு. சங்கம் வந்த பிறகு ‘டா’வை விழுங்கப் பழகியிருந்தார், ஆனால் விழுங்குவது வெளியே தெரியும். “உள்ள என்ன இருக்குன்னு உனக்கே தெரியாதா?”

ஐயாவு இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் திரும்பினார். “இது வழியா முடியாதுங்கய்யா. பின்பக்கமா வாங்க. கொஞ்சம் குனியணும்.”

“ஏன் முடியாது?”

ஐயாவுக்கு அதைச் சொல்ல வாய் கூசிற்று. ராசம்மாள்தான் சொன்னாள், ஒளிக்காமல், எல்லாவற்றையும். முட்டை, புழு, கிளுவையில் செத்தது, படலில் கட்டினது. சிங்காரவேலு தொடையைத் தட்டிச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. இடுக்கில் ஒரு நிமிசம் உற்றுப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். குனிந்து உள்ளே நுழைந்தார்.

உள்ளே அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மி நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. கூரையின் உள்பக்கம் கரி பிடித்துத் தார் பூசியது போல இருந்தது. அவர் விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். வெளியே வந்தார், முதுகில் ஓலைத் தூசியோடு.

“இதெல்லாம் செட்டப்பு சார்,” என்றார் சிங்காரவேலு. “நீங்க வர்றது தெரிஞ்சு நேத்து வந்து அடுப்பு மூட்டியிருக்காங்க.”

“கரியுமா நேத்துப் புடிச்சுது?” காதர் மைதீன் காலால் தரையைக் காட்டினார். பின்வழியில் மண் மிதிபட்டு மிதிபட்டு மெழுகின மாதிரி இருந்தது. “காரியக்காரரே, பதினெட்டு வருசமா நான் வீடு பாத்துக்கிட்டு வர்றேன். ஏமாத்துறவன் மொதல்ல வாசலத்தான் கூட்டுவான். கோலம் போடுவான், கதவ வெரியத் தொறந்து வெப்பான். மனை போனாலும் போவுது, கதவத் தொறக்க மாட்டேன்னு எவனும் சொன்னதில்ல. அதெல்லாம் வீட்டுக்காரங்க மட்டும் பண்ற கிறுக்கு.”

எலுமிச்சையடியில் நின்றே எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். மனுதாரரும் மனைவியும் மேற்படி மனையில் குடியிருந்து வருவது நேரில் பார்த்ததில் தெரிகிறது. முன்வாசல் தற்சமயம் உபயோகத்தில் இல்லை, பின்வழி புழக்கத்தில் உள்ளது. ஏன் உபயோகத்தில் இல்லை என்பதை எழுதவில்லை. மைப்பெட்டியைத் திறந்தார். ஐயாவு இடது பெருவிரலை உருட்டி வைத்தார். “அம்மாவும் வைக்கணும்,” என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் ராசம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். எங்கே வைப்பது, எப்படி உருட்டுவது என்று தெரியாமல் ஒரு காகிதம் வீணாயிற்று. மறுபடி எழுதி, மறுபடி வைத்தார்கள்.

“பட்டா எப்பங்க வரும்?” என்றாள் ராசம்மாள்.

“நான் பாத்தத எழுதிட்டேன். மேல தாசில்தார் பாக்கணும். வரணும், வரும்.”

சைக்கிள்கள் மேட்டை விட்டு இறங்கின. சிங்காரவேலு முன்னால்.

ராசம்மாள்தான் முதலில் வாசலுக்கு ஓடினாள். ஐயாவு பின்னால் போனார். கூடு தலைப்பக்கம் வெடித்துக் காலியாக இருந்தது. நாலு விரல்கடை தள்ளி, படல் ஓலையைப் பிடித்துக்கொண்டு அது தொங்கிற்று. சிறகு இரண்டும் பிழிந்து போட்ட துணியாகச் சுருங்கிக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டுப் பழுப்புத் தண்ணீர் கீழே விழுந்தது. சுருக்கம் மெல்ல மெல்லப் பிரிந்தது. கறுப்பில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டம், கீழ்நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இங்க்கு படிந்த பெருவிரல் மட்டும் வெளியே தெரிந்தது.

“வந்துடுச்சுய்யா,” என்றாள். “எதுவும் கொட்டல. அதுவா வந்துடுச்சு.”

“வந்தத நீ பாத்தியா?”

“எங்க பாத்தேன்? ஆபீசருதான் கைநாட்டு வெக்கக் கூப்பிட்டாரே.”

“அப்பப் பாக்கல.”

“கூடு காலியா கெடக்கு. பக்கத்துல இது உக்காந்திருக்கு. வேற எங்கேருந்து வரும்?”

“பக்கத்துல உக்காந்திருந்தா உள்ளேருந்து வந்ததுன்னு அர்த்தமா? நானுந்தான் முப்பது வருசமாப் பண்ணைக் களத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். நான் என்ன பண்ணையாரு வீட்டு உள்ளேருந்தா வந்தேன்?”

“சிறகு ஈரமா இருக்குய்யா.”

“காலையில பனி.”

“ஆடியில ஏதுய்யா பனி?”

ஐயாவு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தார். அது சிறகை ஒருதரம் விரித்து மூடிற்று. காற்று மூக்கில் பட்டது போல இருந்தது. அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“இத்துனூண்டு கூட்டுக்குள்ள இவ்வளவு பெரிய சிறகு எப்படி இருக்கும்? சொல்லு பாப்போம். நாலு முழ வேட்டிய வெத்தலப் பெட்டிக்குள்ள திணிக்க முடியுமா?”

“மடிச்சா முடியும்.”

“மடிச்சது யாரு?”

ராசம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போய்யா, மடைக்குத் தண்ணி வர்ற நேரம்.”

ஐயாவு கூரையில் செருகியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வரப்பில் இறங்கினார். மேலே தாசில்தார் பார்ப்பாராம், பார்த்தால் வருமாம், அதுவும் அதுவாவே வருமாம். எல்லாம் ஆளுக்கு ஆள் சொல்வதுதான். இந்தப் பூச்சி எலுமிச்சைப் பக்கம் முட்டை போட வந்தது, காலையில் காற்றடித்ததும் படலில் ஒதுங்கியிருக்கும். கூடு காய்ந்து தானாக வெடித்திருக்கும். அப்படித்தான் இருக்கும்.

“பறக்கப் போவுதுய்யா,” என்று பின்னாலிருந்து ராசம்மாள் கூப்பிட்டாள். “நின்னு பாத்துட்டுப் போயேன்.”

“பறக்கத்தானே செய்யும், சிறகு இருந்தா,” என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, மடையைப் பார்க்க நடந்தார்.